பழைய மெஷின் வாங்கும் முன் மெக்கானிக்கைப் பிடியுங்கள்

வடசென்னையில் பழைய சாமான் கிடைப்பது ஒரு விஷயமே இல்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு கடை வாசலில் பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு நாலு ஃபிரிட்ஜும் ஆறு வாஷிங்மெஷினும் நிற்கும். தொல்லை ஆரம்பிப்பது வாங்கி வந்த பிறகுதான். ஆறாவது மாதம் நின்றுபோனால் யாரிடம் போவது, அதற்கு ஸ்பேர் கிடைக்குமா, இரண்டாவது மாடியிலிருந்து யார் இறக்கிக்கொண்டு போவது என்று யோசிக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

அதனால் முதல் வேலை பொருள் தேடுவது இல்லை, ஆள் தேடுவது. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்தப் பொருளைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் வேறு, தையல் மெஷின் பார்க்கிறவர் வேறு, ஃபிரிட்ஜுக்கு கேஸ் அடிக்கிறவர் வேறு. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் போய், "அண்ணே, எந்த மாடலுக்கு சாமான் ஈஸியா கிடைக்கும், எதைப் பார்த்தா நீங்களே வேணாம்னு சொல்வீங்க?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் நல்ல பதில் வரும். இன்னொரு லாபமும் உண்டு. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, சரியான பிறகும் காசு கட்டி எடுக்க வராதவர்களின் மெஷின் எல்லா மெக்கானிக் கடையிலும் ஒன்றிரண்டு தூசி படிந்து கிடக்கும். அதை அவர் கைவைத்துச் சரிசெய்திருக்கிறார், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சொந்தக்காரரிடம் பேசி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். இதைவிட நல்ல செகண்ட் ஹேண்ட் பொருள் எங்கும் கிடைக்காது.

எங்கே, எப்போது

பழைய பொருள் என்றாலே மூர் மார்க்கெட்தான் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1985 மே மாதம் அது எரிந்துபோனது, வியாபாரிகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள், மார்க்கெட் எரிந்த இடத்தில்தான் இப்போது சென்ட்ரலின் புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்த காலம் அதோடு சரி. இப்போது பொருளுக்குப் பொருள் இடம் மாறும். பேரிங், பெல்ட், போல்ட் நட்டு என்றால் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்கள், எலக்ட்ரானிக்ஸ் பாகம் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட், வண்டி சாமான் என்றால் புதுப்பேட்டை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பழைய சாமான் நிறைய வரும்தான், ஆனால் திருவொற்றியூர்க்காரர் அங்கே போய் ஒரு கிரைண்டரைத் தூக்கி வருவதற்குள் வண்டி வாடகையே விலையைத் தின்றுவிடும்.

கடையைவிட வீடுகளில் வாங்குவது எனக்குப் பிடிக்கும். அது எப்படி ஓடியது, யார் ஓட்டினார்கள், ஏன் விற்கிறார்கள் என்று கேட்க முடியும், முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அதற்கும் காலநேரம் உண்டு. போகிக்கு முந்தைய ஒரு வாரம் வீட்டை ஒழிக்கிற வாரம், பரணில் இருந்ததெல்லாம் கீழே இறங்கும். இறக்குகிற அன்றைக்கே கேட்டால் அடிமாட்டு விலைக்கு வரும், ஒரு நாள் தள்ளிப் போனால் காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆயுத பூஜைக்கு முன்னால் சின்னச் சின்னப் பட்டறைகளைக் கழுவித் துடைக்கும்போது ஓரத்தில் கிடக்கும் டிரில்லிங் மெஷின், கிரைண்டிங் மெஷின், பழைய மோட்டார் எல்லாம் வெளியே வரும். பழைய ஹவுசிங் போர்டு பிளாக்கை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றாலும் அப்படித்தான், குடியிருப்பவர்கள் வாடகை வீட்டுக்குப் போகும்போது பீரோ கட்டிலையெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல் விற்பார்கள். அந்த நேரத்தில் ரொம்ப அடித்துப் பேரம் பேசாதீர்கள், பாவம்.

கடையில் வாங்குவதானால் ஒரு சின்ன மரியாதை. காலையில் போணி ஆகாத நேரத்தில் போய் விலை கேட்டுவிட்டு சும்மா திரும்பினால் திட்டு நிச்சயம். வாங்கும் முடிவோடு போனால் அதே போணி நேரம்தான் உங்களுக்குச் சாதகம், முதல் கிராக்கியை விட அவருக்கு மனசு வராது.

கரண்ட் கொடுக்கும் முன்

ஓட்டிக் காட்டாத பொருளை வாங்காதீர்கள். "கடையில் லைன் இல்லை, வீட்டில் போய்ப் போட்டுப் பாருங்கள், ஓடவில்லை என்றால் கொண்டு வாருங்கள்" என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

ஆனால் ரொம்ப நாள் சும்மா கிடந்த பொருளை நேராக பிளக்கில் சொருகுவதும் சரியில்லை. எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் போர்டு என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு பழைய குண்டு பல்பு, நூறு வாட் என்று வையுங்கள், அந்தப் பொருளுக்குப் போகும் கரண்ட் இந்த பல்பு வழியாகத்தான் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பொருளுக்கும் ஆபத்து இல்லை, வீட்டு ஃபியூஸும் போகாது. பல்பு லேசாகச் சிவந்தாலோ மங்கலாக எரிந்தாலோ பெரும்பாலும் பயமில்லை, அப்புறம் நேராகக் கொடுத்துப் பார்க்கலாம். இதை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள், நீங்களே வயரை முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். பழைய வால்வு ரேடியோவுக்கு இது கட்டாயம், உள்ளே இருக்கும் கண்டன்சர்கள் காய்ந்துபோயிருக்கும், நேராகப் போட்டால் புகைதான் வரும். ஓடும்போது இரும்பு பாடியில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். பாடியில் கரண்ட் அடித்தால் அது ஈரக் கையோடு நிற்கிற சமையலறைக்கு வரக்கூடாத பொருள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்து வைத்திருந்தால் ஏன் உடைத்தார்கள் என்று கேளுங்கள்.

நம்ம பக்கத்துக்கென்று இரண்டு சோதனை உண்டு. ஒன்று உப்புக்காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோர வீட்டில் இருந்த பொருளுக்கு மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், அடியில் கால் பொடிப்பொடியாக உதிரும். பீரோவோ ஃபிரிட்ஜோ, படுக்க வைக்காமல் லேசாகச் சாய்த்து அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், புதுப் பெயின்ட் வாசம் வந்தால் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இங்கே எத்தனை வீட்டில் ஃபிரிட்ஜ் மிதந்தது என்று உங்களுக்கே தெரியும், எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. அப்படி முழுகிய பொருளைக் காயவைத்துத் துடைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே ஒரே உயரத்தில் ஒரு மண் கோடு ஓடும், அதற்குக் கீழே இருக்கிற ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்திருக்கும், மேலே இருப்பவை பளிச்சென்று இருக்கும். கழற்ற மாட்டேன் என்று கடைக்காரர் அடம்பிடித்தால் சண்டை வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

தையல் மெஷின்

பழசாக வாங்கினால் புதுசைவிட நல்லது என்று நான் அடித்துச் சொல்லும் ஒரே பொருள் கால் மிதி தையல் மெஷின்தான். பழைய கறுப்பு சிங்கர், உஷா, மெரிட் எல்லாம் கனத்த இரும்பு, எண்ணெய் விட்டால் பேரப்பிள்ளை காலம்வரை ஓடும், அடிநூல் வைக்கிற பாபின் கேஸிலிருந்து அந்த நூலைக் கோர்த்துவிடுகிற ஷட்டில் வரை எல்லா பாகமும் இன்றும் கிடைக்கிறது.

போகும்போது கையில் ஒரு பழைய காட்டன் துணியும் ஒரு ஜீன்ஸ் துண்டும் நூலும் எடுத்துப் போங்கள். முதலில் நூல் கோர்க்காமல், துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு, மேல் சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். முழுச் சுற்றும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் அது வெறும் காய்ந்த எண்ணெய், இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓட்டித் துடைத்து அப்புறம் மெஷின் ஆயில் விட்டால் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய் விட்டு விட்டுத்தான் முக்கால்வாசி மெஷின்கள் இப்படிப் பசையாகிக் கிடக்கின்றன. சுற்றில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டி நின்றால் வேறு கதை, உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. அடுத்து தகட்டைத் தள்ளி ஷட்டிலின் கூர்முனையைப் பாருங்கள், விரலால் தடவினால் வழவழ என்று இருக்க வேண்டும். ஊசித் தட்டின் துளையைச் சுற்றிக் கீறல் நிறைய இருந்தால் ஊசி ரொம்ப நாள் இடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. கடைசியாகத் தையுங்கள். துணியின் அடியில் நூல் கொசகொசவென்று வந்தால் பயப்படாதீர்கள், மேல் நூல் டென்ஷன் கோளாறாக இருக்கும் அல்லது நூலைத் தப்பாகக் கோர்த்திருப்பார்கள். சரிசெய்கிற விஷயம்தான், ஆனால் விலையைக் குறைக்க அதைச் சொல்லலாம். வார்ப்பிரும்புக் காலில் வெல்டிங் வைத்த இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள், வார்ப்பிரும்பில் வெல்டிங் நிற்பது கஷ்டம்.

"சார், இது நூறு வருஷத்து சிங்கர், ஆன்ட்டிக் பீஸ்" என்று விலை ஏற்றுவார்கள். பீடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் அதற்கு முன்னாலுள்ள எழுத்தையும் வைத்து எந்த ஆலை, எந்த வருஷம் என்று கண்டுபிடித்துவிடலாம், நெட்டில் பட்டியல் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை 1980இல் மூடும்வரை லட்சக்கணக்கில் செய்து தள்ளியது, அதனால் பழசு என்பதற்காக மட்டும் காசு கொட்ட வேண்டாம். அந்த மெஷினுக்குள் சிவப்பு பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஒருத்தர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2009இல் சவுதியில் இதே சிங்கர் புரளி கிளம்பி மக்கள் பழைய மெஷினைத் தேடி அலைந்தார்கள். பழைய டிவி, ரேடியோவை வைத்து இங்கேயும் அதே கதையை ஓட்டுகிறார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது.

வியாபாரத்துக்குத் தைக்கிறவர்கள் பவர் மெஷின் தேடுவீர்கள், வண்ணாரப்பேட்டைப் பக்கம் ரெடிமேட் யூனிட் மூடும்போது கிடைக்கும். அதில் பார்க்க வேண்டியது மோட்டார். பழைய கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காமல் பேசிக்கொண்டிருக்கும்போதும் உர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும், சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும். மேலே தைக்கிற தலைப் பாகம் நன்றாக இருந்து மோட்டார் மட்டும் பழசு என்றால் வாங்கலாம், மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற சாமான்கள்

கிரைண்டருக்குப் போகும்போது ஒரு கைப்பிடி ஊறவைத்த அரிசி கொண்டு போங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். வெறும் கல் சுற்றும்போது எல்லா கிரைண்டரும் நல்ல கிரைண்டர்தான். உள்ளே தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள், நடுத் தண்டைச் சுற்றிக் கீழே கசிந்தால் பேரிங் போய்விட்டது அல்லது போகப் போகிறது என்று அர்த்தம். கல்லை ஒரு நாணயத்தால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சத்தம் செத்துப்போயிருந்தால் விரிசல். கல் வழுவழுப்பாகிவிட்டது என்றால் அது குறையே இல்லை, கொத்திக்கொள்ளலாம், ஆனால் கொத்துகிற ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. ஸ்விட்ச் போட்டதும் மோட்டார் முனகிவிட்டு நின்றால் உடனே ஆஃப் செய்யுங்கள். பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், சின்னச் செலவு, அதைக் கடைக்காரர் கண்ணெதிரே மாற்றி ஓட்டிக் காட்டட்டும். காயில் போயிருந்தால்தான் செலவு, அப்போது தாமிரக் கம்பியா அலுமினியக் கம்பியா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், தாமிரத்தை உருவிவிட்டு அலுமினியம் சுற்றி விற்பதும் நடக்கிறது.

ஃபிரிட்ஜைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் சத்தம் மட்டும் போதாது, ஃப்ரீசரில் வைத்த தண்ணீரில் மேலே மெல்லிய ஐஸ் படரணும். கதவுக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள், தளர்வாக வந்தால் ரப்பர் போய்விட்டது. "இப்பதான் கேஸ் அடிச்சோம்" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேஸ் தானாகத் தீராது, எங்கோ ஓட்டை, அதை அடைத்தார்களா என்பதுதான் கேள்வி. ஸ்டார் லேபிளில் எத்தனை நட்சத்திரம் என்பதைவிட எந்த வருஷத்து லேபிள், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள், பழைய ஐந்து ஸ்டார் இன்றைய கணக்கில் ஐந்தாக இருக்காது. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் ரேட்டே மாறுகிறது, விலை குறைவு என்று ஒரு கரண்ட் பூதத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்புறம் புலம்பக் கூடாது. ஏற்றி வரும்போது நிற்க வைத்தே கொண்டு வாருங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்தால் உடனே போடாமல் ராத்திரி முழுக்க நிற்கவிடுங்கள், கம்ப்ரஸர் எண்ணெய் இறங்க வேண்டும்.

வாஷிங்மெஷினில் பழசு வாங்கினால் செமி ஆட்டோமேட்டிக்தான், போர்டு கீர்டு என்று தலைவலி கிடையாது. ஈரத் துணி போட்டு ஸ்பின்னரைச் சுற்றவிட்டுப் பாருங்கள், மெஷின் தரையில் நடந்தால் வேண்டாம். நம்ம போர் தண்ணீரின் உப்பு முன்கதவு மெஷின்களின் பேரிங்கையும் ஹீட்டரையும் ஒரு வழி பண்ணிவிடும், அதைப் பழசாக வாங்குவது சூதாட்டம். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கெப்பாசிட்டர், கரகரத்தால் பேரிங், இரண்டும் அற்பச் செலவு. ஆனால் பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி என்கிற கரண்ட் மிச்சம் பிடிக்கும் மோட்டார் வைத்த புது ஃபேன் முப்பது வாட்டில் ஓடுகிறது, இருபத்திநாலு மணி நேரமும் சுற்றும் அறைக்குப் பழசு கட்டுப்படியாகாது.

வாங்கவே வேண்டாதவை: கேஸ் ரெகுலேட்டர், கேஸ் டியூப், யாரோ வைத்திருந்த சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, மெத்தை. மரக் கட்டில் வாங்கலாம், ஆனால் மூட்டுச் சந்துகளில் டார்ச் அடித்து மூட்டைப்பூச்சி பார்த்துவிட்டு. குக்கர் என்றால் கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு மூன்றையும் புதுசாகப் போட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

போனும் லேப்டாப்பும் திருட்டுச் சரக்காக வந்து மாட்டிவிடும். போனில் *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ என்கிற அடையாள எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். எந்தப் பொருளானாலும் விற்கிறவர் பெயர், நம்பர், தேதி, தொகை எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆவது பிரிவு உங்கள் மேலும் பாயும்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டியது

சும்மா கொடுக்கிறேன் என்று நெட்டில் போட்டால் முதலில் வந்து நிற்பது காயலான் கடைக்காரர்தான். ஓடுகிற மெஷினை உடைத்துக் கிலோ கணக்கில் போட்டுவிடுவார். அதனால் சின்னதாக ஒரு விலை வையுங்கள், பயன்படுத்தப் போகிறவர் மட்டும் வருவார், அவர் கஷ்டப்படுகிறவர் என்று தெரிந்தால் கொடுக்கும்போது காசு வாங்காமல் விட்டுவிடுங்கள். படம் போடும்போது பொருளின் முழு உருவம், மாடல் எண் ஒட்டியிருக்கும் தகடு, ஓடும்போது சத்தத்தோடு ஒரு வீடியோ, எத்தனாவது மாடி, தெருவுக்குள் வண்டி வருமா என்பதெல்லாம் இருந்தால் பாதி போன்கால் மிச்சம்.

இணையத்துக்கு முன்னால் தெருவில் கேளுங்கள். டில்டிங் கிரைண்டருக்கு மாலை நேரத்தில் மாவு விற்கிற அக்கா, தையல் மெஷினுக்கு மகளிர் குழு, ஓடாத மோட்டாருக்கும் மிக்சிக்கும் பாகம் கழற்றிக்கொள்ள மெக்கானிக். செத்துப்போன ஃபிரிட்ஜின் பெட்டியை மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு வைக்கக் கேட்பதுண்டு, கேஸை முறையாக எடுத்த பிறகு கொடுங்கள். கடையில் எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும்போது அந்தத் தள்ளுபடி பழைய பொருளுக்கா, எல்லோருக்கும் கொடுப்பதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும்போது ஒரு அட்டையில் எழுதிப் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள்: வாங்கிய வருஷம், கடைசியாக எதை மாற்றினீர்கள், பெல்ட் நம்பர், என்ன குறை, எந்த மெக்கானிக் பார்த்தார். "மழை நாளில் லேசாக ஷாக் அடிக்கும்" என்றால் அதையும் எழுதுங்கள், வாங்கும் முன் படித்துக் காட்டுங்கள்.

யாருக்கும் வேண்டாத பொருளும் உண்டு. 2006இல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்த கலர் டிவிகள், அதற்கு முந்தைய பெட்டி டிவிகள் எல்லாம் இப்போது யாரும் எடுப்பதில்லை. அதன் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது, உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். வயரை எரித்துத் தாமிரம் எடுக்கிறவர்களிடமும் எதையும் கொடுக்காதீர்கள், அந்தக் கறுப்புப் புகையை முதலில் மூச்சில் இழுப்பது நாம்தான். 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, தயாரித்த கம்பெனிகளுக்கே பழசை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு இருக்கிறது. கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேளுங்கள், இல்லாவிட்டால் மாநகராட்சியின் 1913க்கு போன் போட்டு உங்கள் வார்டில் எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். பித்தளை அண்டா, வெண்கலப் பானையை எடைக்குப் போடும் முன் சொந்தத்தில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பித்தளைக்கு வெள்ளீயம் பூசினால் இன்னும் உழைக்கும். அம்மியும் ஆட்டுக்கல்லும்தான் தர்மசங்கடம், வாங்க வருகிறவரைவிடத் தூக்க வருகிறவர் கிடைப்பதுதான் அரிது.

தூக்குவது என்றதும் ஞாபகம் வந்தது. பீரோ, கட்டில் வாங்கும் முன் உங்கள் வீட்டுப் படிக்கட்டுத் திருப்பத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள், நம்ம சந்துகளில் பொருள் நுழையும், திரும்பாது. பக்கத்துத் தெரு என்றால் மீன்பாடி வண்டி போதும், ஃபிரிட்ஜையும் பீரோவையும் நிற்க வைத்துக் கட்டிக்கொண்டு வர குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டிதான் சரி. வாடகை பேசும்போதே ஏற்றி இறக்கும் கூலி சேர்த்தா தனியா என்று கேட்டுவிடுங்கள், மாடி வீடு என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், வாசலில் வந்து நின்ற பிறகு சொன்னால் ரேட் வேறு.